கால் வளைந்த இரண்டு குட்டிகள்



போன மாதம் முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. "சார், உடம்பு சரியில்லையா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு நாய்க்குட்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. அதை வைத்துக் குடும்பத்துக்குள் கொஞ்சம் மனத்தாங்கலும் வந்துவிட்டது. உறவுக்காரர்கள் பாதிக் கதையைப் போனில் கேட்டிருப்பீர்கள். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் சொந்தக் கதையோடு கொஞ்சம் பாடமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். கம்பெனி வேலையாக இரண்டு மாதம் வெளிநாடு போக வேண்டி வந்தது. மூன்று மாத லேப்ரடார் குட்டி ஒன்றை மசினகுடியில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். கூடவே ஒரு தாளில் சாப்பாட்டு அட்டவணை. தினமும் எலும்பில்லாத கோழிக்கறி, பச்சையாக. சோறு கூடாது. பால் கூடாது. பாக்கெட் தீனி கூடவே கூடாது. அடுத்த மாதத்திலிருந்து ஆட்டு ஈரலும் நுரையீரலும் பச்சையாகச் சேர்க்க வேண்டும்.

"வேக வைக்காமலா?" என்று கேட்டேன்.

"மாமா, இவன் ஓநாயோட வாரிசு. ஓநாய் எங்க அடுப்பு வெச்சுது? உங்க காட்டுலயே செந்நாய் இருக்கே, அது என்ன பெடிகிரியா சாப்பிடுது?"

நம் ஊரில் எந்தக் கம்பெனி தீனியாக இருந்தாலும் அதற்குப் பெயர் பெடிகிரிதான். அவன் கேட்டதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. படித்த பிள்ளை, விசாரித்துத்தான் செய்வான் என்று விட்டுவிட்டேன்.

நாலு வாரம் குட்டி நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது வாரம் மாடிப்படி ஏறத் தயங்கியது. என் பேத்தி தூக்கினால் வீல் என்று கத்தியது. ஒருநாள் காலையில் பார்த்தால் முன்னங்கால் இரண்டும் அடைப்புக்குறி மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தன. ஜீப்பில் போட்டுக்கொண்டு கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊட்டிக்குப் போனோம். அங்கே கால்நடை மருத்துவராக இருப்பது என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். சதைக்கும் எலும்புக்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் தெரியவில்லை. எலும்பு அவ்வளவு மெலிந்திருந்தது.

"சார், வெறும் சதையில பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் அநேகமா இருக்காது. ரத்தத்துக்கு வேணுங்கிற கால்சியத்த உடம்பு எலும்புல இருந்து உருவி எடுத்துக்கும். வளர்ற குட்டி இல்லையா, அதான் இவ்வளவு சீக்கிரம். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா எலும்பு தானா முறிஞ்சிருக்கும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குட்டி மட்டும் காரணம் இல்லை. 1987இல் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டுக்குட்டி இருந்தது. யாரோ தாயிடமிருந்து பிரித்துச் சாலையில் விட்டுப்போனது. வீட்டில் வளர்ந்ததால் பட்டி நாய் மாதிரி அலையவிடாமல் திண்ணையில் கட்டிப்போட்டு, ரசம் சோறும் வெறும் சோறுமாகப் போட்டு வளர்த்தோம். அதற்கும் இதே மாதிரி முன்னங்கால் வளைந்தது. "பிறவியே அப்படி" என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு வயதுகூட நிறையாமல் செத்துப்போனது. ஒரு குட்டிக்கு வெறும் சோறு, இன்னொரு குட்டிக்கு வெறும் கறி. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கால். இது எப்படி என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இனி வருவது.

முதலில் லண்டன். 1880களில் அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் பிறக்கும், ஆனால் தேறாது. கால் வளைந்து, எழ முடியாமல் போய்விடும். அவற்றுக்குக் கொடுத்தது கொழுப்பில்லாத குதிரைக் கறி, பச்சையாகத்தான். எலும்போ கடிக்க முடியாத கிழட்டுக் குதிரை எலும்பு. 1889இல் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கறியோடு நொறுக்கிய எலும்பு, பால், மீன் எண்ணெய் மூன்றையும் சேர்க்கச் சொன்னார். சில மாதங்களில் குட்டிகள் நிமிர்ந்து நடந்தன. வைட்டமின் என்ற சொல்லே அன்று பிறக்கவில்லை.

முப்பது வருடம் கழித்து, அதே லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற தானிய உணவு கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கும் கால் வளைந்தது. காட் மீன் எண்ணெய் சேர்த்த குட்டிகளுக்கு வளையவில்லை. 1919இல் அவர் வெளியிட்ட அந்த முடிவிலிருந்துதான் பின்னால் வைட்டமின் டி அடையாளம் காணப்பட்டது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இன்று சொட்டு மருந்தாகக் கொடுப்பது அதைத்தான்.

பாருங்கள், சிங்கக் குட்டிக்குப் பச்சைக் கறி. நாய்க்குட்டிக்கு வெந்த கஞ்சி. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நின்றன. பச்சையா வெந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. தட்டில் என்ன குறைகிறது என்பதுதான் கேள்வி.

மனிதன் எதைத் தின்றால் பிழைப்பான் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே நாய்கள்தான். சந்தோஷமான கதை அல்ல அது. 1816இல் பிரான்சில் மஜாண்டி என்பவர் ஒரு நாய்க்குச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் செத்தது. ஒரே பொருளைத் தின்று உயிர் வாழ முடியாது என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அமெரிக்காவில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் கொன்றுகொண்டிருந்தது. அதே குறை உணவைத் தின்ற நாய்களுக்கு நாக்கு கறுத்தது. 1937இல் நிகோடினிக் அமிலம் கொடுத்து அந்த நாய்களைக் குணப்படுத்திய பிறகுதான் மனிதர்களுக்கும் மருந்து கிடைத்தது.

இதில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போன போது எதிரில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். வெறிநாய்க்கடி மருந்து செய்த இடம் என்று மட்டும் சொன்னேன். பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன். 1918இல் அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி என்று சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய நம் சென்னை மாகாணச் சாப்பாட்டை தின்றவை கடைசி வரிசையில் நின்றன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டப்பாக் கறி என்று இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டைத் தின்றவையும் தேறவில்லை. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நல்ல தட்டில் வெந்ததும் இருந்தது, பச்சையும் இருந்தது. குறையில்லாமல் இருந்தது என்பதுதான் முக்கியம்.

சரி, பாக்கெட் தீனி எப்படி வந்தது? அதுவும் நாய்க்காக யோசித்து வந்ததல்ல. 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இடி தாங்கி விற்கிறவர், லண்டன் போனார். கப்பல்காரர்கள் வீசிய காய்ந்த பிஸ்கட்டைத் துறைமுக நாய்கள் பாய்ந்து தின்பதைப் பார்த்தார் என்று சொல்வார்கள். கோதுமை மாவு, பீட்ரூட், காய்ந்த மாட்டுக்கறி சேர்த்து நாய் கேக் செய்து விற்றார். வேட்டை நாய் வைத்திருந்த பணக்காரர்கள் வாங்கினார்கள். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் சார்லஸ் கிரஃப்ட் என்பவர்தான் பின்னால் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை நடத்தியவர்.

முதல் உலகப் போர் முடிந்து மோட்டார் வண்டி பெருகியதும் குதிரைகளுக்கு வேலை போனது. 1922இல் அமெரிக்காவில் குதிரைக் கறி டப்பாவில் அடைபட்டு நாய் உணவானது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு, டப்பா போய் உலர்ந்த தீனி வந்தது. 1950களில் காலை உணவுத் தானியம் செய்யும் இயந்திரத்தில் நாய்த்தீனி மாவை விட்டுப் பார்த்தார்கள். நீராவியும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துளை வழியாகத் தள்ளினால் மாவு வெளியே வரும்போது பொரிந்து உப்பும். நம் பிள்ளைகள் தின்னும் குர்குரே செய்வதும் இந்த முறையில்தான். 1957இல் பியூரினா கம்பெனி அப்படிச் செய்த தீனியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைவீதியில் தொங்கும் பாக்கெட் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். கப்பலில் மிஞ்சியது, ராணுவத்தில் மிஞ்சியது, அரவை ஆலையில் மிஞ்சியது, கசாப்புத் தொட்டியில் மிஞ்சியது என்று மனிதனின் மிச்சம் எதுவோ அதுதான் நாயின் சாப்பாடு.

அந்தத் தொழிலில் தவறுகளும் நடந்தன. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பல கம்பெனிகளின் தீனியைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2018இல் தானியம் சேர்க்காத, பட்டாணியும் பயறும் அதிகமுள்ள விலை உயர்ந்த தீனிகளுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசு விசாரிக்கத் தொடங்கியது. ஆகவே, பாக்கெட்டைக் கண்டால் என் தங்கை மகனுக்கு வரும் சந்தேகம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன்.

பச்சைக் கறி இயக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்புக்கே 'உங்கள் நாய்க்கு ஓர் எலும்பு கொடுங்கள்' என்று அர்த்தம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவருடைய முறைக்கு அடிப்படையே கறியோடு கூடிய பச்சை எலும்பு. நம் பையன் பார்த்த வீடியோவில் அந்த எலும்பையே எடுத்துவிட்டார்கள். எலும்பில்லாக் கறி சுத்தமாக இருக்கும், வீடு நாறாது. வசதிக்காக விட்டது குட்டியின் காலில் வந்து நின்றது.

செந்நாய் பற்றி அவன் கேட்டானே, அதற்கும் பதில் கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களின் பின்னாலேயே நடந்து ஆராய்ந்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 2024இல் காலமானார். செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானை அடித்தால் தின்பது வெறும் தொடைச்சதை இல்லை. ஈரல், இதயம், கடிக்க முடிந்த எலும்பு எல்லாம் போகும். அதோடு செந்நாய் நம் நாயின் மூதாதையும் அல்ல, தனி இனம். நாய் ஓநாயிடமிருந்து வந்ததுதான். ஆனால் வந்து பல ஆயிரம் வருடம் நம்மோடு தின்று மாறிவிட்டது. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை மரபணுவிலேயே கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 படிகள். நாய்களுக்கு 4 முதல் 30 வரை. நம் சோறும் களியும் தின்றே நாய் நாயாக ஆயிற்று என்று சொல்லலாம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கோவிவன் என்ற நாய் கள்ளர்களைக் கடித்துத் தன் எஜமானனுக்கு அருகே நின்றதைச் சொல்லும் கல். மாடு காத்த வீட்டு நாய் அது. நம் மசினகுடியிலும் பட்டி நாய்கள் அப்படித்தான் வாழ்ந்தன. ராகிக் களி, மோர், மாட்டுப் பால் மிச்சம், எப்போதாவது எலும்பு. அந்த நாய்களுக்குக் கால் வளைந்து நான் பார்த்ததில்லை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் பெயருக்குத்தான். மோர் அதோடு சேர்ந்தது. மணிக்கு நான் போட்டது களி இல்லை, ரேஷன் அரிசிச் சோறு. பட்டியில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

"வெயிலில் விட்டால் வைட்டமின் வந்துவிடாதா?" என்று மருத்துவப் பெண்ணிடம் கேட்டேன். மனிதத் தோல் மாதிரி நாயின் தோல் வெயிலில் போதிய வைட்டமின் டி செய்யாதாம், தின்பதிலிருந்துதான் கிடைக்க வேண்டுமாம். அறுபது வயதுக்கு மேல் ஒரு புதுப் பாடம்.

இனி, பச்சைக் கறி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். அட்டவணையில் பச்சை ஈரலும் நுரையீரலும் இருந்தன அல்லவா? ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக ஒரு நாடாப்புழு இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் புழு நாயின் குடலில் வளரும். முட்டை நாயின் மலத்திலும் மயிரிலும் ஒட்டியிருக்கும். அதைத் தொட்ட கை வாய்க்குப் போனால் மனிதனின் ஈரலில் கட்டி வரும். ஹைடாடிட் கட்டி என்பார்கள், அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கோழிக்கறியில் இந்தப் புழு இல்லை, ஆனால் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பிரிட்ஜில் உறையவைத்தாலும் அது சாகாது. என் பேத்திக்கு மூன்று வயது. நாள் முழுக்க அந்தக் குட்டியின் வாய்க்குள் கைவிட்டு விளையாடுகிறாள்.

ஐஸ்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் இந்தக் கட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. 1863இல் ஹரால்டு கிராபே என்ற டென்மார்க் நாட்டு ஆய்வாளர் அங்கே போனார். திரும்பி வந்து சிறு புத்தகம் ஒன்று எழுதினார். கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள் என்று எளிமையாகச் சொன்ன புத்தகம். அது வீடுகளுக்கு இலவசமாகப் போனது. அந்த நாட்டில் அநேகமாக எல்லோருக்கும் படிக்கத் தெரியும், குளிர்காலம் வேறு நீளம். படித்தார்கள். சட்டம் பின்னால்தான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த நோய் அங்கே அநேகமாக ஒழிந்தது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல கதை வேறென்ன வேண்டும்?

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. இரவில் வாசலில் கறிக் கிண்ணம் வைத்தால் நாய் மட்டும் வராது. காட்டுப்பன்றியும் கரடியும் வரும். சிறுத்தை வந்தால் கிண்ணத்தையும் பார்க்காது, கறியையும் பார்க்காது, நாயைத்தான் தூக்கும். மசினகுடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்டவர்களுக்காக, அந்தப் பெண் எனக்குச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

1. வளரும் குட்டிக்கு, குட்டிகளுக்கென்றே செய்த முழுமையான பாக்கெட் தீனிதான் பாதுகாப்பு. பெரிய இனமானால் அதற்குரியது. உறையில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தின்பண்டமாகக் கொடுக்கும் பிஸ்கட் உணவாகாது.

2. வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடு போடலாம். கறியோ முட்டையோ வேகவைத்து, சோறோ களியோ சேர்த்து, கால்சியமும் மற்றதும் எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். கண்ணளவு போதாது.

3. சாம்பார் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை, சாக்லேட் கூடாது.

4. வெந்த எலும்பு கூடாது. ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

5. பச்சைக் கறிதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் செய்யாதீர்கள். குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே 2012இல் பச்சை இறைச்சி வேண்டாம் என்று அறிவுரை சொல்லியிருக்கிறது.

குட்டிக்கு இப்போது ஆறாவது வாரம். முதல் மூன்று வாரம் ஓடவிடாமல் கூண்டிலேயே வைத்திருந்தோம். பாக்கெட் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறோம். எலும்பு தேறிவிட்டது என்று இரண்டாவது எக்ஸ்ரே சொல்கிறது. இடது முன்னங்கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும் போலிருக்கிறது. நேற்று பேத்தி பின்னால் வாசல்வரை ஓடியது.

"ஒரு நாய்க்குட்டியப் பாத்துக்கத் தெரியலையா அண்ணா?" என்று தங்கை போனில் கேட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தாளில் எழுதிக் கொடுத்தவன் அவள் மகன் என்றாலும், தினமும் கிண்ணத்தை வைத்தது என் கை. படி ஏறத் தயங்கிய அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. 'நமக்கென்ன தெரியும், அவன் படித்தவன்' என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். முப்பது வருடமாக "தெரியலைன்னா கையத் தூக்கிக் கேளுங்க" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், நான் கையைத் தூக்கவில்லை.

தங்கை மகன் வரும் ஞாயிறு வருகிறான். மாப்பிள்ளை, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ குட்டிமேல் வைத்த ஆசையில் குறை இல்லை, தட்டில்தான் குறை. மணிக்கு நான் செய்ததும் அதுதான். வந்து கூட்டிக்கொண்டு போ. போகிற வழியில் ஊட்டியில் அந்தப் பெண்ணைப் பார்த்து, இனி என்ன போடுவது என்று நீயே கேட்டு எழுதிக்கொள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்று அதன் தட்டை ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
மசினகுடி